எங்கள் வீட்டுத் தீபாவளிப் பெட்டி

தீபாவளிக்குக் கடையில் இனிப்புப் பெட்டிகளை வாங்கிக் கொடுக்கும் வழக்கத்தை எங்கள் வீட்டில் நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகின்றன. புரசைவாக்கத்தில் நாங்கள் வசிக்கும் வீட்டில் மாமனார், மாமியார், என் கணவர், நான், எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள், இரண்டாம் வகுப்பில் படிக்கும் மகன் என்று ஆறு பேர். பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் தாம்பரத்திலிருந்து நாத்தனாரும் வந்து சேர்ந்துகொள்வார். இத்தனை பேரும் சேர்ந்து செய்கிற பட்சணங்கள், வண்ணம் தீட்டிய அகல் விளக்குகள், ஒரு சிறு குப்பி லேகியம் ஆகியவற்றை நாங்களே தைத்த துணிப்பையில் வைத்து உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் வீட்டு வேலைகளில் உதவுபவர்களுக்கும் கொடுக்கிறோம். பை என்றாலும் வீட்டில் எல்லோரும் அதைத் தீபாவளிப் பெட்டி என்றே சொல்கிறோம். இந்த வேலையில் நான் கற்றவை பல. அவற்றுள் முதலாவது, அந்தப் பெட்டி வாங்கிக்கொள்பவர் வீட்டில் திறக்கப்படும் நாளை முன்கூட்டியே மனத்தில் நிறுத்தி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணியே ஒவ்வொரு வேலையையும் வைக்க வேண்டும் என்பது. எதைச் செய்வது, எந்த நாளில் செய்வது, யார் செய்வது, எதில் பொதிவது ஆகிய எல்லாக் கேள்விகளுக்கும் விடை அந்த நாளிலிருந்துதான் கிடைக்கிறது.

சென்னையில் இந்தக் கணக்கு மிகவும் அவசியமாவதற்குக் காரணம் மழை. தீபாவளி 2023இல் நவம்பர் 12ஆம் தேதியும் 2024இல் அக்டோபர் 31ஆம் தேதியும் 2025இல் அக்டோபர் 20ஆம் தேதியும் வந்தது. எப்படி முன்னும் பின்னும் நகர்ந்தாலும் அது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலத்தையொட்டியே விழுகிறது. ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் இந்நகரத்திற்கு அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில்தான் கிடைக்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் அந்த நாட்களில், காலையில் மொறுமொறுவென்று எடுத்த தேன்குழல் மூடாமல் வைத்தால் மாலைக்குள் நமுத்துவிடும். அரைத்த மாவு காயாது. தீட்டிய வண்ணம் விரலில் ஒட்டும். வெயில் காலத்துப் பண்டிகைக்குச் செய்கிற முறையை அப்படியே ஐப்பசிக்குப் பயன்படுத்த முடியாது.

ஆகவே, பெட்டியில் எவையெல்லாம் வைக்கக்கூடாது என்பதை முதலில் முடிவு செய்கிறோம். பால்கோவா, தேங்காய் பர்பி, பால் சேர்ந்த எந்த இனிப்பும் வீட்டில் உண்பதற்கு மட்டுமே. நான்கு வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அவர்கள் பண்டிகைக் கூட்டத்தில் திறக்க மறந்து, இரண்டு நாள் கழித்துத் திறந்தாலும் கெடாமல் இருக்க வேண்டியவையே பெட்டிக்கு உரியவை. அதிரசம், கைமுறுக்கு, தட்டை, ஓமப்பொடி, மாலாடு, லேகியம் என்பது எங்கள் வழக்கமான பட்டியல். மைசூர்பாகு நன்றாகத் தாங்கும் இனிப்புதான்; ஆனால் பாகு ஒரு கம்பிப் பதம் வந்த நொடியிலிருந்து இறக்கும் வரை ஒருவர் அடுப்பை விட்டு நகரவே முடியாது என்பதால், பல கைகள் சேர்ந்து செய்யும் நாட்களுக்கு அது ஒத்துவருவதில்லை. அதை நான் தனியாக, குழந்தைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் செய்துகொள்கிறேன்.

மழைக்கு அஞ்ச வேண்டாத வேலைகளை முதலிலேயே முடித்துவிடுகிறோம். ஆடி மாதம் முடிந்ததும் துணிப்பை தைக்கத் தொடங்குகிறோம். என் மாமியாரின் பழைய பருத்திப் புடவைகள் இதற்கு மிகவும் ஏற்றவை. பல ஆண்டுகள் துவைத்துத் துவைத்து மென்மையாகியிருந்தாலும், தலைப்பும் கரையும் உறுதியாகவே இருக்கும். பழைய பட்டுப் புடவையை வெட்டுவதற்கு ஆசையாக இருந்தாலும், மடிப்பு விழுந்த இடங்களில் இழை இற்றுப்போயிருக்கும் என்பதால் உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைக்காமல் அதில் கனமான எதையும் வைக்கக்கூடாது. கரைப்பகுதி பையின் வாய்க்கு வருமாறு வெட்டினால் தனியாக மடித்து அடிக்க வேண்டியதில்லை. சுருக்குக் கயிறு கோக்கவும் அதுவே வழியாகிவிடும். ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்ததும், 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியதும் துணிப்பைக்கு மறுபடியும் ஒரு மதிப்பை ஏற்படுத்தியிருக்கின்றன. நாங்கள் கொடுத்த பைகளைப் பலர் இன்றும் காய்கறிக் கடைக்கு எடுத்துச் செல்வதைத் தெருவில் காண்கிறேன். தையல் இயந்திரத்தின் முன் அமர்வது என் நாத்தனாரின் வேலை. கயிறு கோப்பது என் மகனுடையது. கயிற்றின் முனையில் ஊக்கைக் குத்திக் கொடுத்துவிட்டால் அவன் வேறு உதவி கேட்பதில்லை.

நவராத்திரி முடிகிற சமயத்தில் அகல் விளக்குகள். எங்கள் வீட்டிலிருந்து கொசப்பேட்டை நடந்து போகும் தொலைவுதான். கொலு பொம்மைகளுக்கும் பிள்ளையார் சிலைகளுக்கும் பெயர்பெற்ற அந்தத் தெருக்களில் அகல்களும் குவியல் குவியலாகக் கிடைக்கும். குழந்தைகளை உடன் அழைத்துப் போய், ஒவ்வொரு அகலையும் விரலால் தட்டிப் பார்த்து எடுக்கச் சொல்கிறேன். நன்றாக வெந்த மண் கணீரென்று ஒலிக்கும், விரிசல் இருந்தால் ஒலி மங்கலாகக் கேட்கும். இந்த ஓர் உத்தியைக் கற்றுக்கொண்ட பிறகு என் மகன் கடைக்காரரே வியக்கும் அளவுக்குப் பொறுக்கி எடுக்கிறான். வீட்டுக்கு வந்ததும் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைக்கிறோம். தூசி நீங்கும், கண்ணுக்குத் தெரியாத விரிசல்களும் வெளிப்பட்டுவிடும். பிறகு நிழலில் நன்றாக உலர்த்தி, உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, அக்ரிலிக் வண்ணம் தீட்டுகிறோம். வண்ணம் வெளிப்புறத்தில் மட்டுமே இருக்க வேண்டும். எண்ணெய் நிற்கும் உட்புறத்திலும் திரி அமரும் மூக்கிலும் வண்ணம் பட்டால் அது சூட்டில் கருகிப் புகையும் என்பதைக் குழந்தைகளுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏற்றுவதற்கு முன் சிறிது நேரம் தண்ணீரில் போட்டுத் துடைத்துவிட்டு எண்ணெய் ஊற்றினால் அகல் எண்ணெயை அதிகம் குடிக்காது என்ற குறிப்பையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி உடன் வைக்கிறோம்.

அந்தத் துண்டுத் தாள்கள் என் மகளின் பொறுப்பு. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாள் வணிகர்கள் நிறைந்திருப்பதால், கெட்டியான பழுப்புத் தாளை அங்கே மொத்தமாக வாங்கி, வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்கிறோம். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி வண்ணத்தில் தோய்த்து அழுத்தினால் ஐந்திதழ்ப் பூ ஒன்று விழும். முற்றிய காயாக இருந்தால் ஓரங்கள் கூர்மையாகப் பதியும், பிஞ்சாக இருந்தால் நசுங்கிவிடும். பூவைச் சுற்றி அவள் கோலப் புள்ளிகள் வைக்கிறாள். பின்பக்கத்தில் என்ன எழுத வேண்டும் என்பதில் மட்டும் நான் கண்டிப்பாக இருக்கிறேன்: பட்சணத்தின் பெயர், செய்த தேதி, எந்த எண்ணெய் அல்லது நெய், முந்திரி, வேர்க்கடலை, எள், பால் பொருட்கள் சேர்ந்திருக்கின்றனவா, எத்தனை நாளுக்குள் உண்ண வேண்டும். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தை ஒன்று எங்கள் உறவிலேயே இருக்கிறது. அதன் தாய் ஒவ்வொரு வீட்டுத் தட்டையையும் கையில் எடுத்து உடைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைப்பதைக் கண்டிருக்கிறேன். எங்கள் பெட்டியைத் திறக்கும்போது அவர் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு நிம்மதியாகக் குழந்தையிடம் கொடுக்க முடிகிறது. அச்சிட்ட செய்தித்தாளில் உணவைப் பொதியக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியிருப்பதால், எண்ணெய் வடிக்கவும்கூட நாங்கள் செய்தித்தாளைப் பயன்படுத்துவதில்லை. துவைத்த பருத்தித் துணியை விரித்துக்கொள்கிறோம்.

லேகியம் பண்டிகைக்கு ஒரு வாரத்துக்கு முன் கிளறப்படுகிறது. மயிலாப்பூருக்குப் போகும் நாளில் டப்பா செட்டி கடையில் மருந்துச் சாமான்களை வாங்கி வந்துவிடுவோம். நாட்டு மருந்துக்குப் பெயர்பெற்ற அந்தக் கடையில் தீபாவளிக்கு முன் நிற்க இடம் இருக்காது என்பதால், கொலு பார்க்கப் போகும்போதே வாங்குவது நல்லது. சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம், ஓமம், தனியா, சீரகம் ஆகியவற்றைத் தனித்தனியாக இளஞ்சூட்டில் வறுத்து, இடித்து அரைத்து, மெல்லிய துணியில் வஸ்திரகாயம் செய்துகொள்ள வேண்டும். துணியில் சலிக்கும் இந்தப் பொறுமையான வேலையை என் மாமனார் எடுத்துக்கொண்டிருக்கிறார். பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, வெல்லப் பாகு சேர்த்து, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டு விட்டுக் கிளறினால், ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, கையில் ஒட்டாத பதம் வரும். ஆறிய பிறகே தேன். சூட்டோடு குப்பியில் அடைத்தால் மூடியின் உட்புறம் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். குப்பியை வெந்நீரில் கழுவி, ஒரு துளி ஈரமும் இல்லாமல் உலர்த்தியிருக்க வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக்கூடாது என்பதால் அதையும் சீட்டில் எழுதுகிறோம். பேறுகாலத்தில் உள்ள பெண்கள் இருக்கும் வீட்டுக்கு லேகியம் வைப்பதில்லை. அவர்களுடைய மருத்துவர் சொல்லாத மருந்தை நாம் பரிசாகக் கொடுப்பது முறையாகாது.

அதிரசத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். திறக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணும் முறை எந்த அளவுக்கு உதவும் என்பதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது அதிரசம்தான். ஒரு கிலோ மாவுப் பச்சரிசிக்கு முக்கால் கிலோ பாகு வெல்லம் என்பது எங்கள் வீட்டு அளவு. அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, நிழலில் துணியின்மீது பரப்ப வேண்டும். கையில் அள்ளிப் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் கையை விரித்ததும் அரிசி உதிர வேண்டும். வெயில் நாளில் கால் மணி நேரத்தில் கிடைக்கும் இந்தப் பதம், மழை நாளில் மின்விசிறிக்கு அடியில் போட்டாலும் அதைவிட வெகுநேரம் எடுத்துக்கொள்ளும் என்பதால், கடிகாரத்தை நம்பாமல் கையை நம்ப வேண்டும். மாவு மில்லுக்குக் கொடுப்பதானால், மிளகாய் அரைத்த இயந்திரத்தில் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டு அங்கேயே நிற்பது நல்லது. அரைத்த மாவைச் சலித்து, ஈரம் போகாமல் அழுத்தி மூடி வைக்க வேண்டும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் காய்ச்சும்போது, ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் கூட்டினால் கரையாமல் திரண்டு, மெத்தென்று உருண்டையாக வருவதைத் தக்காளிப் பதம் என்கிறார்கள். அந்தப் பதத்தில் அடுப்பை அணைத்து, ஏலக்காயும் சுக்குப் பொடியும் போட்டு, ஒருவர் மாவைத் தூவ மற்றவர் கட்டி தட்டாமல் கிளற வேண்டும். இது இரண்டு பேர் வேலை. ஒருவரே செய்தால் ஒரு கை எப்போதும் தாமதமாகும். எங்கள் வீட்டில் என் கணவர் கிளறுகிறார், நான் தூவுகிறேன்.

இந்த மாவு உடனே சுடுவதற்கு உரியதல்ல. மேலே நெய் தடவி, துணியால் வேடு கட்டி, குறைந்தது ஒரு நாளாவது இருக்கவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் இருந்தால் இன்னும் நல்லது. வெல்லப்பாகு மாவுக்குள் முழுவதும் இறங்கி, மாவு ஒரே சீராக இளகிப் பதப்படுவதற்கு அந்த நேரம் தேவை. ஆகவே தீபாவளிக்கு முந்தைய நாள் அதிரசம் சுட வேண்டுமென்றால் நான்கைந்து நாளுக்கு முன்பே பாகு காய்ச்சியிருக்க வேண்டும். சுடும்போது முதலில் ஒன்றை மட்டும் போட்டுப் பார்க்கிறோம். எண்ணெயில் பிரிந்து கரைந்தால் பாகு இளம்பதமாக இருந்திருக்கிறது என்று பொருள். கொஞ்சம் அரிசி மாவு சேர்த்துப் பிசைந்தால் சரியாகும். கடினமாக வந்தால் பாகு முற்றியிருக்கிறது. சிலர் பால் தெளித்துப் பிசைவார்கள், ஆனால் கொடுப்பதற்கான அதிரசத்தில் பால் பட்டால் அது நாள் தாங்காது என்பதால், அந்த மாவை வீட்டுக்கென்று ஒதுக்கிவிடுவோம். வாழையிலையில் நெய் தடவித் தட்டி, மிதமான தீயில் ஒவ்வொன்றாகப் போட்டு, எடுத்ததும் இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி எண்ணெயை வடிக்க வேண்டும். வெல்லம் சிதறி எண்ணெய் விரைவில் கறுக்கும் என்பதால் அதிரசத்துக்குத் தனியாகச் சிறிய வாணலி. முறுக்கு சுட்ட எண்ணெயையும் இதையும் கலப்பதில்லை.

கைமுறுக்குச் சுற்றுவது என் மாமியாரின் கலை. முழங்கால் வலியால் அடுப்பின் முன் நிற்க முடியாத அவருக்கு, சாப்பாட்டு மேசையில் அமர்ந்தபடி செய்யக்கூடிய இந்த வேலை மிகவும் பொருந்துகிறது. உண்மையில் அந்த நாள் முழுவதும் வீட்டின் தலைமை அவரிடம்தான் இருக்கிறது. ஊறவைத்து, நிழலில் உலர்த்தி அரைத்த அரிசி மாவு எட்டுப் பங்குக்கு, வறுத்து அரைத்த உளுத்தம் மாவு ஒரு பங்கு. வெண்ணெய், சீரகம், பெருங்காயம், உப்பு. மாவை இரண்டு முறை சலிக்கச் சொல்வார், ஏனெனில் ஒரு சிறு குருணை இருந்தாலும் முறுக்கும்போது அந்த இடத்தில் அறுந்துவிடும். வெண்ணெய் கூடினால் எண்ணெயில் உதிரும், குறைந்தால் பல்லுக்கு அடங்காது. எல்லா மாவையும் ஒரே நேரத்தில் பிசைந்து வைப்பதும் கூடாது. நேரம் ஆக ஆக மாவு சிவந்து, எண்ணெயும் குடிக்கும். ஒரு கைக்கு எவ்வளவு சுற்ற முடியுமோ அவ்வளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, மீதியை ஈரத்துணியால் மூடி வைக்க வேண்டும்.

மேசையின்மீது வெள்ளை வேட்டித் துணியை விரித்து, விரல்களில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, சிறிய உருண்டையைக் கையில் எடுப்பார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாவைத் திரித்துக்கொண்டே போக, மற்ற விரல்கள் அதைத் துணியில் படுக்கவைக்க, வட்டத்துக்கு வெளியே வட்டமாக மூன்று சுற்று, ஐந்து சுற்று என்று விரியும். துணி மேலீரத்தை இழுத்துக்கொள்வதால் சற்று நேரத்தில் முறுக்கைச் சிதையாமல் தூக்க முடியும். என் மகள் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து கற்கத் தொடங்கிய ஆண்டில், அவளுடைய சுற்றுகள் எல்லாம் தட்டையாக விழுந்தன. "விரல அழுத்தாத கண்ணு, மாவு தானா முறுக்கிக்கும், நீ வழி மட்டும் காட்டு" என்று சொல்லி, தன் கையை அவள் கையின்மீது வைத்து ஒரு சுற்று முழுவதையும் கூடவே சுற்றினார். வாயால் எத்தனை முறை சொன்னாலும் போகாத அழுத்தம் அந்த ஒரு சுற்றில் போய்விட்டது. கைவேலையைக் கற்பிக்கும்போது கற்பவரின் கையைப் பிடித்து உடன் செய்வதே மிகச் சிறந்த வழி என்பதை அன்றுதான் நான் முழுமையாக உணர்ந்தேன். பிறகு தையலையும் கோலத்தையும் நாங்கள் அப்படியே கற்றுக்கொடுக்கிறோம். மகள் சுற்றிய முறுக்குகளில் சுற்று சீராக வராதவற்றை ஒதுக்கிவைப்பதில்லை. அவளுடைய சித்தப்பா வீட்டுக்குப் போகும் பெட்டியில் அவற்றையே வைக்கச் சொல்லி அவர்கள் கேட்டு வாங்குகிறார்கள்.

அடுப்பு வேலையில் சமரசம் செய்யக்கூடாத சில விதிகள் உண்டு. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கும்போது குழந்தைகள் சமையலறை வாசலைத் தாண்டக்கூடாது. தைப்பதும் சுற்றுவதும் உருட்டுவதும் மேசையில், சுடுவது மட்டும் உள்ளே. நைலான் துணி உடுத்திக்கொண்டு அடுப்பருகே நிற்கக்கூடாது. ஈரக் கரண்டியை எண்ணெயில் விடக்கூடாது. எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல், அடுப்பை அணைத்துத் தட்டால் மூட வேண்டும். அந்தத் தட்டு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பண்டிகை வாரத்தில் எரிவாயு உருளை கிடைக்கத் தாமதமாகலாம் என்பதால், முன்னதாகவே பதிவு செய்து ஒன்றை மாற்றாக வைத்துக்கொள்கிறோம். முறுக்கு வெந்ததற்கு அடையாளம் ஓசை அடங்குவது. மாவின் ஈரம் ஆவியாகி வெளியேறும் வரைதான் எண்ணெய் சலசலக்கும். நிறத்தைப் பார்த்து முன்கூட்டியே எடுத்துவிட்டால் உள்ளே ஈரம் தங்கி மறுநாளே நமுத்துவிடும். ஒரு முறை சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுவதும் கூடாது. அளவுக்கு மீறிக் காய்ந்த எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று 2018 ஜூலை 1 முதல் உணவகங்களுக்கு விதி இருக்கிறது; வீட்டில் அதை அளக்கும் கருவி இல்லை, ஆனால் எண்ணெய் கறுப்பதும் நுரைப்பதும் காறல் வாடை வருவதும் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியும். அதற்கு முன்பே மாற்றிவிடுகிறோம்.

சுட்டதை ஆறவைப்பதில்தான் சென்னை மழை நம்மைச் சோதிக்கிறது. சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே நீராகும். வெகுநேரம் திறந்து வைத்தால் காற்றின் ஈரம் ஏறும். புறங்கையை வைத்தால் சூடு தெரியாத அந்த நேரத்தில் உடனே எவர்சில்வர் சம்படத்தில் போட்டு இறுக மூடிவிட வேண்டும். அந்த நேரத்தைக் கவனித்துச் சொல்வது என் மாமனாரின் பொறுப்பு. மழை வலுக்கும்போது சன்னல்களைச் சாத்தச் சொல்லிக் குரல் கொடுப்பவரும் அவரே.

மாலாடு என் மகனுடையது. பொட்டுக்கடலையையும் சர்க்கரையையும் நான் பொடித்துச் சலித்துக் கொடுத்து, வறுத்த முந்திரியும் ஏலக்காயும் கலந்து, சூடான நெய்யையும் நானே ஊற்றிக் கரண்டியால் கிளறிவிடுகிறேன். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் உருண்டை பிடிப்பது முழுவதும் அவன். நெய் ஆறிவிட்டால் உருண்டை பிடிபடாது என்பதால், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நெய் ஊற்ற வேண்டும். அளவு ஒரே சீராக இருக்க, ஒரு சிறிய கிண்ணத்தில் அள்ளிப் பிறகு உருட்டச் சொல்கிறேன். பெரியவர்கள் செய்துகொண்டிருக்கும் வேலையில் ஒரு துளியைக் குழந்தைக்கு விளையாட்டாகக் கொடுப்பதை நான் விரும்புவதில்லை. தொடக்கத்திலிருந்து முடிவுவரை அவன் பெயரைச் சொல்லக்கூடிய ஒரு பண்டம் பெட்டியில் இருக்க வேண்டும். சீட்டில் அவன் பெயரைத் தன் கையெழுத்தில் எழுதும்போது அவன் முகத்தில் தெரியும் பொறுப்புணர்ச்சி எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது.

பொதிவதில் அருகில் உள்ள வீட்டுக்கு ஒரு முறை, வெளியூருக்கு வேறு முறை. நடந்து போய்க் கொடுக்கும் வீடுகளுக்கு எவர்சில்வர் டப்பாவில் வைத்துத் துணிப்பையில் போட்டுவிடலாம். கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கைக்கு அனுப்பும் பொதியில் மாலாடு வைப்பதில்லை, அது உடையும். தட்டையும் அதிரசமும் பயணத்தைத் தாங்கும். கைமுறுக்கை அனுப்பியே ஆக வேண்டும் என்றால், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சுற்றிலும் உள்ள இடைவெளியை ஓமப்பொடியால் நிரப்பிவிட்டால் ஆடாது. உடைந்தாலும் ஓமப்பொடி உண்ணக்கூடியதுதான். அதிரசத்தைக் காரப் பட்சணத்தோடு ஒரே டப்பாவில் வைத்தால் முறுக்கு அதன் ஈரத்தை வாங்கிக்கொள்ளும் என்பதால் தனித்தனியாக வைக்க வேண்டும். அட்டைப் பெட்டியைக் குலுக்கிப் பார்த்து உள்ளே ஓசை கேட்காத வரை தாள் திணிக்கிறோம். பண்டிகைக்கு முந்தைய வாரத்திற்குள் அனுப்பிவிட வேண்டும். ஆகவே அந்தப் பொதிக்கான பட்சணங்களை மற்றவற்றுக்கு முன்பே சுட்டுவிடுகிறோம்.

யாருக்கு எதைக் கொடுப்பது என்பதிலும் திறக்கும் நாளே வழிகாட்டுகிறது. அந்த ஆண்டில் துக்கம் நேர்ந்த வீட்டில் பண்டிகை இல்லை. எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். அந்த வீட்டுக் குழந்தைகள் தீபாவளியன்று பட்சணம் இல்லாமல் இருக்கக்கூடாது என்பதற்காக, உறவினரும் அக்கம்பக்கத்தாரும் கொண்டுபோய்க் கொடுப்பது நம்மிடையே உள்ள வழக்கம். எங்கள் பட்டியலில் முதல் இடம் அத்தகைய வீடுகளுக்கே. வண்ண விளக்கையும் வாழ்த்துச் சீட்டையும் எடுத்துவிட்டு, வழக்கத்தைவிட அதிகமான பட்சணத்தை முந்தின நாள் மாலையிலேயே என் கணவரும் நானும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, சற்று நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறோம். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கு இனிப்பைக் குறைத்து அகல் விளக்குகளைக் கூட்டுகிறோம். எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவுக்கும், குடியிருப்பின் காவலாளிக்கும், பூ கொடுக்கும் அம்மாவுக்கும் கொடுக்கும் பெட்டி உறவினருக்குக் கொடுப்பதைப் போன்றே இருக்க வேண்டும் என்பதை என் மாமியார் உறுதியாக வைத்திருக்கிறார். உடைந்ததும் மீந்ததும் அவர்களுக்குப் போகக்கூடாது. அவர்களுக்குப் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுகிறோம், அவர்கள் அதைத் தங்கள் ஊருக்கு எடுத்துப் போக வசதியாக.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெய்யும் முந்திரியும் நல்ல எண்ணெயும் விற்கும் விலையில், வீட்டில் செய்வது மலிவானது என்று எண்ணித் தொடங்குபவர்கள் ஏமாற்றமடைவார்கள். நேரமும் அதிகம் ஆகும். முதல் முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது, ஒரு காரம், ஓர் இனிப்பு, கையால் எழுதிய ஒரு சீட்டு ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே. தட்டையும் மாலாடும் போதும். அதிரசத்தை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எவர்சில்வர் டப்பாக்கள் திரும்பி வரும்போது வெறுமையாக வருவதில்லை. எங்கள் மாடியில் வசிக்கும் கிறிஸ்தவக் குடும்பத்தினர் அவற்றை வைத்திருந்து, டிசம்பரில் கல்கல்லும் அச்சு முறுக்கும் நிரப்பிக் கொடுக்கிறார்கள். கல்கல் சுருட்டுவதற்கு இப்போது எங்கள் குழந்தைகளையும் அழைக்கிறார்கள். சீப்பின் பல்லில் மாவை அழுத்திச் சுருட்டும் அந்த வேலையில் என் மகன் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சமமாகத் தேறிவிட்டான். எந்த டப்பா யாரிடம் போயிற்று, எந்த வீட்டில் எது விரும்பி உண்ணப்பட்டது, எந்தப் பண்டம் எத்தனை நாள் மொறுமொறுப்பாக இருந்தது, அந்த வாரம் மழை எப்படி இருந்தது என்பதையெல்லாம் என் மாமனார் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டு நாட்காட்டி கைக்கு வந்ததும், தீபாவளித் தேதியைப் பார்த்து, அந்த நோட்டை வைத்துக்கொண்டு பாகு காய்ச்ச வேண்டிய நாளை அவரே வட்டமிட்டுக் கொடுப்பார்.